சென்னாவை இவ்வளவு நல்லவராக்க வேண்டுமா?

நெட்ஃபிளிக்ஸில் 2024 நவம்பரில் வந்த 'சென்னா' தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். ஆறு பகுதிகள். கேப்ரியல் லியோனி அப்படியே பிரேசிலின் ஃபார்முலா ஒன் கார் பந்தய வீரர் அயர்ட்டன் சென்னாவாகிவிட்டார். எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒலியைக் கூட்டிவைத்துப் பார்த்ததில் மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டாததுதான் பாக்கி.

1991இல் சொந்த மண்ணில், கியர் பழுதான காரோடு மல்லுக்கட்டி ஜெயித்துவிட்டு, கோப்பையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் நின்ற மனிதர் அவர். பாசம் வராமல் இருக்குமா? எனக்கும் உண்டு. அதனால்தான் இந்தத் தொடர்மீது கோபம். சண்டை எதுவானாலும் நியாயம் அவர் பக்கமே சாய்கிறது.

1990இல் ஜப்பானின் சுசுகாவில் நடந்த பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய ஆண்டு அதே தடத்தில் அவருடைய பரம எதிரியான பிரெஞ்சு வீரர் ப்ரோஸ்ட்டோடு மோதல், அப்புறம் தகுதிநீக்கம், உலகப் பட்டமும் போனது. இந்த முறை முதலிடத்தில் தகுதி பெற்றும் தடத்தின் அழுக்கான பக்கத்தில் நிற்க வைத்தார்கள். ஆத்திரம் புரிகிறது. ஆனால் முதல் வளைவிலேயே, 200 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில், ப்ரோஸ்ட்டின் ஃபெராரியை இடித்தார். இருவரும் வெளியே, புள்ளிகளில் முன்னால் இருந்ததால் பட்டம் சென்னாவுக்கு. விட்டுக்கொடுப்பதில்லை என்று முன்பே முடிவெடுத்திருந்ததாக மறு ஆண்டு அவரே ஒப்புக்கொண்டார்.

வேண்டுமென்றே மோதுவது என்றால் என்னவென்று சிங்கப்பூரில் இருக்கும் நமக்குத் தெரியாதா? 2008இல் மரினா பேயில் நடந்த முதல் இரவுப் பந்தயத்தில், ரெனோ அணி சொன்னபடி நெல்சன் பிக்கே ஜூனியர் வேண்டுமென்றே சுவரில் மோதினார், அதனால் அதே அணியின் அலோன்சோ ஜெயித்தார். (அந்த ஜூனியரின் அப்பா, சென்னாவுக்கு ஆகவே ஆகாத சக பிரேசில்காரர் என்பது தனிக்கூத்து.) பந்தய வாரத்தில் சாலைகளை மூடும்போதெல்லாம் காப்பிக்கடையில் இன்றும் யாராவது அந்தப் பேச்சை எடுத்துத் திட்டுவார்கள். சுவரில் மோதியவர் மோசடிக்காரர். இன்னொரு மனிதர் உட்கார்ந்திருந்த காரை இடித்தவர் மட்டும் வீரரா? தொடர் இந்தக் கேள்வியோடு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதற்கு நேரமில்லை என்றும் சொல்ல முடியாது. லாரா ஹாரிசன் என்ற கற்பனைப் பத்திரிகையாளருக்குத் தாராளமாக இடம் இருக்கிறதே! சென்னா சாகும்வரை அவருடைய காதலியாக இருந்த அட்ரியானி கலிஸ்டூவுக்கோ சில நிமிடங்கள்தான். நிஜமாக வாழ்ந்த பெண்ணை ஓரங்கட்டிவிட்டு, இல்லாத பெண்ணை நடுவில் வைப்பது என்ன கணக்கோ.

ப்ரோஸ்ட் விஷயமும் அப்படித்தான். 1994 மே மாதம் சென்னாவின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு சென்னா குடும்பம் நடத்தும் அறக்கட்டளையிலும் பொறுப்பேற்றார். எதிரி அப்படி மாறியது எப்படி என்பதற்கே ஒரு முழுப் பகுதி தந்திருக்கலாம்.

பார்க்காதவர்கள் பாருங்கள், போர்த்துகீசிய ஒலியிலேயே பாருங்கள். அப்புறம் ஆசிஃப் கபாடியாவின் 2010 ஆவணப்படத்தையும் தேடிப் பிடியுங்கள். அதிலும் ப்ரோஸ்ட்டை வில்லனாக்கிவிட்டார்கள் என்ற குறை உண்டு. ஆனால் அதில் நீங்கள் பார்ப்பது நிஜ சென்னாவின் முகம். அதைப் பார்த்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடுங்கள்.