சாஃப்ட்பால் மெதுவான விளையாட்டு இல்லைங்க
மேலே கருத்து எழுதிய ஒருவர், சாஃப்ட்பால் பெண்களுக்காக எளிதாக்கிய பேஸ்பால், பந்து மெதுவாகத்தான் வரும், கையுறைகூட வேண்டாம் என்கிறார். தவறு. வேளச்சேரியில் மகளை சாஃப்ட்பால் பயிற்சியில் சேர்க்கலாமா என்று இங்கே கேட்டவர் இதை நம்பிவிட வேண்டாம்.

1887-ல் சிகாகோவில் ஆண்கள்தான் இதை உள்ளரங்க விளையாட்டாகத் தொடங்கினார்கள், இன்றும் ஆண்களுக்கு உலகக் கோப்பை நடக்கிறது. வேகமா? கீழ்க்கையாகத்தான் (கையை இடுப்புக்குக் கீழாகக் கொண்டுவந்து) வீச வேண்டும், சரி, ஆனால் முன்னணி வீராங்கனைகள் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசுவார்கள், அதுவும் வெறும் 43 அடி தூரத்திலிருந்து (பேஸ்பாலில் 60 அடிக்குக் கொஞ்சம் மேல்), அதனால் மட்டை பிடிப்பவருக்குக் கிடைப்பது அரை நொடிகூட இல்லை. பந்து 12 அங்குலச் சுற்றளவு, நல்ல கெட்டி. நம்ம தெரு டென்னிஸ் பந்து மாதிரி வெறும் கையில் பிடிக்கப் போனால் விரல் போய்விடும். தாராளமாகச் சேருங்கள், ஆனால் கையுறையும் ஹெல்மெட்டும் இருக்கிறதா என்று பயிற்சியாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.