ஆமாம், எங்கள் வீட்டில் டிவி இல்லை

சனிக்கிழமை சொந்தக்காரர்கள் சேர்ந்து சாப்பிட்டபோது நான் டிவி ரிமோட்டைப் பிடுங்கினேன் என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்லி முடித்துவிட்டீர்கள். இனி நானும் பேசலாம் என்று நினைக்கிறேன். நீளமான பதிவு, நேரமில்லாதவர்கள் கடந்து போகலாம். கோபமெல்லாம் இல்லை. (கொஞ்சம் இருக்கிறது.)

முதலில், நான் ரிமோட்டைப் பிடுங்கவில்லை. "சாப்பிடும்போது இது வேண்டாமே, சத்தத்தையாவது குறைக்கலாமா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். திரையில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் வாய்க்கு நேராக மைக்கை நீட்டி, "இப்போ உங்க மனநிலை எப்படிம்மா இருக்கு?" என்று ஒருவர் கேட்கிறார். அந்தம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்கிறார். கேமரா விலகுமா? இன்னும் கிட்டே போகிறது. அந்தச் சில விநாடித் துண்டுக்குப் பின்னால் சோக இசையைச் சேர்த்து மறுபடி, மறுபடி, மறுபடி.

அதைக் குறைக்கச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பட்டம், "உலகம் தெரியாத ஆள்." பின்னாலிருந்து இன்னொரு குரல்: "அவங்க வீட்லதான் டிவியே கிடையாதே, பெரிய ஞானி!" எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன்.

எனக்கு உலகம் தெரியும். டிவி காட்டுகிற உலகம்தான் வேண்டாம் என்கிறேன். இரண்டும் ஒன்றில்லை.

நான் சொன்னால்தான் திமிராகத் தெரிகிறது. ஜார்ஜ் கெர்ப்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960களின் கடைசியிலிருந்தே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். டிவி அதிகம் பார்ப்பவர்களுக்கு, உலகம் உள்ளதைவிட ஆபத்தானதாகவும் மனிதர்கள் நம்பத்தகாதவர்களாகவும் தெரிகிறார்கள் என்றார். டிவியைப் பார்த்து அடிதடிக்கு இறங்குபவர்கள் கொஞ்சம் பேர்தான், பயந்து ஒடுங்குபவர்கள்தான் அதிகம் என்பது அவருடைய வாதம். அதற்குப் பிறகு 1980இல் சி.என்.என். என்ற அமெரிக்கச் செய்திச் சேனல் வந்தது, நாள் முழுக்கச் செய்தி. நாள் முழுக்கச் செய்தி என்றால் செய்தி இல்லாத நேரத்திலும் ஏதாவது ஓடியாக வேண்டும். காலையில் நடந்தது ராத்திரி வரை 'பிரேக்கிங் நியூஸ்'தான். ஏதோ சில வீடுகளில் மீட்டர் வைத்து யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்கள், அந்தக் கணக்கை வைத்து விளம்பரம் விற்கிறது. நீங்கள் பயத்தில் சேனலை மாற்றாமல் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கு வருமானம். இதில் உலக அறிவு எங்கே வருகிறது?

2013இல் அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அதற்கடுத்த வாரம் அந்தச் செய்தியிலேயே தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ மூழ்கிக் கிடந்தவர்களையும், சம்பவத்தோடு நேரடித் தொடர்பு இருந்தவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மன உளைச்சல் அதிகமாக இருந்தது செய்தியில் மூழ்கியவர்களுக்கு! டிவி மட்டும் இல்லை, இணையம், ரேடியோ எல்லாம் சேர்த்த கணக்குதான் அது. இதைச் சொல்லாவிட்டால் யாராவது தேடிக் கண்டுபிடித்து வந்து நிற்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நான் டிவியை விட்டதற்கு ஆராய்ச்சி காரணமில்லை. அம்மாதான் காரணம். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

வேலையில் இருந்த காலத்தில் அம்மா யாரிடமும் தயங்காமல் பேசுவார். ஓய்வு பெற்ற பிறகு காலை எழுந்ததிலிருந்து செய்திச் சேனல். அப்புறம் குற்றச் சம்பவங்களை நடித்துக் காட்டுகிற அந்த நிகழ்ச்சி. சில மாதங்களில் கதவைத் திறப்பதே நின்றுபோனது. பார்சல் கொண்டுவந்த பையனைக் கதவு இடுக்கு வழியாகவே விசாரித்துத் திருப்பி அனுப்பினார். எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களைப் பற்றி, "ஆளைப் பார்த்தா சரியில்ல" என்றார். அவர்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. என் மகள் மொட்டை மாடிக்குப் போய் ஐந்து நிமிடம் தாமதமானால் கை நடுங்கும். எங்கள் தெருவில் எதுவுமே நடக்கவில்லை. நடந்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குள்.

டிவி பழுதானது. நான் சரிசெய்யவில்லை. அம்மா அடியோடு மாறிவிட்டார் என்று கதை விடப்போவதில்லை. இன்றும் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார், சீரியல் போச்சே என்று என்னைத் திட்டுவார். ஆனால் எதிர் வீட்டு ஆட்களின் பெயர் இப்போது அவருக்குத் தெரியும். அவர்கள் வீட்டுச் சண்டையும் தெரியும். எனக்கு அது போதும்.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

"நாட்டு நடப்பு தெரிய வேண்டாமா?" வேண்டும். தினமும் நாளிதழ் படிக்கிறேன். படிக்கும்போது பின்னால் யாரும் வயலின் வாசிப்பதில்லை, சிவப்பு வட்டம் போட்டு அம்புக்குறி காட்டுவதில்லை. வேண்டாத பக்கத்தைப் புரட்டிவிடலாம். விவாத நிகழ்ச்சி பார்த்தால் அறிவு வளரும் என்கிறார் சித்தப்பா. ஒரு திரையில் ஆறு கட்டம், ஆறு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். யாராவது ஒருவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால், "சுத்தி வளைக்காதீங்க, ஆமாவா இல்லையா?" என்று வெட்டிவிட்டு விளம்பர இடைவேளை. இதைப் பார்த்து என்ன வளர்ந்தது என்று சித்தப்பாதான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்து ரத்த அழுத்தம்.

"டிவி இல்லாமல் எப்படி?" ஐஸ்லாந்தின் அரசு டிவியில் 1987 வரை வியாழக்கிழமைகளில் ஒளிபரப்பே கிடையாது. நாடு கரைந்து போய்விடவில்லை.

"மொபைல் மட்டும் பார்க்கலாமா?" பார்க்கிறேன். அடுத்த கேள்வி.

"தனியாக இருக்கிற வயதானவர்களுக்கு அதுதானே துணை?" இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. கேட்டவர் யாரென்று அவருக்கே தெரியும். வயதானவர்களுக்குத் துணை வேண்டும் என்பது நமக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது, அதனால்தான் நாள் முழுக்கக் கொலை, கொள்ளை, கதறல் என்று காட்டும் ஒன்றை அவர்கள் முன்னால் வைத்துவிட்டு நாம் கிளம்பிவிடுகிறோம். போன் செய்தால் பின்னணியில் அந்தச் சத்தம் கேட்கும். "டிவி பாத்துட்டு இருக்கேன்பா" என்றால் நமக்கும் நிம்மதி, சீக்கிரம் வைத்துவிடலாம். துணைக்கு டிவி இருக்கிறதே!

யார் வீட்டு டிவியையும் நான் நிறுத்தச் சொல்லவில்லை. இதைப் பத்துத் தடவை சொல்லியாகிவிட்டது. பாருங்கள், தாராளமாகப் பாருங்கள். அதைப் பார்க்காதவர்களுக்கு இரக்கம் இல்லை, சமூக அக்கறை இல்லை, ஊரோடு ஒத்து வாழத் தெரியவில்லை என்று மட்டும் சான்றிதழ் கொடுக்காதீர்கள். அந்தத் தாயின் முகத்தை அத்தனை தடவை பார்த்தீர்களே, அவர் பெயர் என்ன என்று அன்றைக்கே கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. "அதான் கீழ ஓடுச்சே" என்றார் ஒருவர்.