ஜீவனாம்சத்தையும் சம்பளத்திலேயே பிடியுங்கள்

பொது சிவில் சட்டம் வருமா வராதா என்று டீக்கடையில் தொடங்கி டிவி வரைக்கும் சண்டை ஓடுகிறது. நான் கேட்பது அதைவிட ரொம்பச் சின்னது. அரசு ஊழியர் மீது ஜீவனாம்ச உத்தரவு வந்தால், அந்தத் தொகையைச் சம்பளத்திலேயே பிடித்து நேராக மனைவி, பிள்ளைகள் கணக்கில் போடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்குத் தெரிந்த பெண் ஒருவர், புருஷன் அரசு வேலை. மாதம் 8,000 கொடுக்கச் சொன்னது கோர்ட். கொஞ்ச நாள் வந்தது, அப்புறம் நின்றது. நிலுவைக்கு மனு, வாய்தா, வாரண்ட், ஆள் ஊரில் இல்லை என்று அது திரும்பி வருவது, இடையில் ஒரு வருடத்துக்குள் மனு போடாமல் விட்ட மாதங்களுக்கு வாரண்டே கிடையாது என்ற சட்டம் வேறு. புருஷனுடைய பே ஸ்லிப்பைப் பார்த்தேன். சொசைட்டி கடன், மருத்துவக் காப்பீடு, தீபாவளிக்கு வாங்கிய முன்பணம், எல்லாம் மாதம் தவறாமல் பிடித்திருக்கிறார்கள். பெற்ற பிள்ளைக்குத்தான் பிடித்தம் இல்லை.

இப்போதும் சம்பளத்தை ஜப்தி செய்யலாம்தான், ஆனால் அதற்கும் அவள்தான் தனியாக மனு போட்டு வக்கீல் ஃபீஸ் கட்டி அலைய வேண்டும்.

'குடும்ப விவகாரத்தில் ஆபீஸ் தலையிடலாமா' என்கிறார்கள். ஏன், மனைவி இருக்கும்போது இன்னொரு கல்யாணம் கூடாது என்று 1973 தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளில் எழுதி வைத்திருப்பதும் இதே அரசுதானே? அசாமில் 2017லேயே சட்டம் போட்டு, பெற்றோரைக் கவனிக்காத அரசு ஊழியர் சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்து அவர்களுக்குக் கொடுக்க வழி செய்தார்கள்.

பொய் கேஸ் போடுவார்கள் என்று கமெண்ட்டுக்கு வருவீர்கள், வாருங்கள். நான் சொல்வது கேஸ் போட்டவுடன் அல்ல, உத்தரவு வந்த பிறகு. இரண்டு பேருமே வரவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்கணும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. மேல்முறையீட்டில் ஜெயித்தால் பிடித்தத்தை நிறுத்திக்கொள்ளட்டும். பெண் ஊழியர் மீது உத்தரவு வந்தாலும் இதே பிடித்தம்தான், எனக்கு ஆட்சேபணை இல்லை.

பே பில் போடுகிற யாரையாவது கேளுங்கள், இன்னொரு பிடித்தம் சேர்ப்பது எவ்வளவு நேர வேலை என்று. அகவிலைப்படிக்கும் பழைய ஓய்வூதியத்துக்கும் தெருவில் இறங்கும் சங்கத்து நண்பர்களே, உங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா? பதிலைக் கீழேயே எழுதுங்கள், இன்பாக்ஸில் வேண்டாம்.