வீதி வரைக்கும் கழிவுக்குழாய் உங்கள் தலையிலா?

"இங்கிலாந்தில் வீட்டிலிருந்து வீதி வரை கழிவுக்குழாய் வீட்டுக்காரர் பொறுப்பு, குழாய்க் காப்புறுதி கட்டாயம் எடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

பொதுச் சாக்கடையோடு இணைந்திருந்த பகிர்வுக் குழாய்களும் (ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளின் கழிவு ஓடுபவை), வளவு எல்லைக்கு வெளியே ஓடுபவையும் 2011 அக்டோபர் 1 அன்று கழிவுநீர் நிறுவனங்களின் பொறுப்புக்குப் போய்விட்டன. வரிசை வீடா? பின்வளவில் கழிவுக்குழாய்க் குழியின் மூடியைத் தூக்கிவைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் டாய்லெட் ஃப்ளஷ் பண்ணச் சொல்லுங்கள். தண்ணீர் ஓடி வந்தால் அது பகிர்வுக் குழாய். உங்கள் வளவுக்குள் கிடந்தாலும் அடைப்பெடுப்பது நிறுவனத்தின் வேலை.

உங்களுக்கு மிஞ்சுவது எல்லைக்குள் உங்கள் வீட்டுக்கு மட்டுமான கழிவுக்குழாயும் குடிநீர்க் குழாயும்தான். அவற்றின் தற்செயல் சேதத்தைக் கட்டடக் காப்புறுதியே பெரும்பாலும் ஏற்கும்; தேய்மானத்தை ஏற்காது. பழைய ஈயக் குழாய் வீடென்றால் தனிக் காப்புறுதியை யோசிக்கலாம், அதுவும் தேய்மானம் அடங்குமா என்று கேட்ட பிறகு.