விடியக்காலை 4 மணி

மூணு வாரமா ஒரு ராத்திரிகூட முழுசாத் தூங்கலை. 4 மணி ஆச்சுன்னா எங்க வீட்டுப் பூனை கட்டில் மேல ஏறிடும். முதல்ல மீசை கன்னத்துல உரசும். அப்புறம் நகத்தை உள்ளே இழுத்துக்கிட்டு, முன்னங்காலால கண்ணிமை மேல ஒரு தட்டு. அசையலைன்னா ஜன்னல் திண்டுல இருக்கிற மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிடும். வெளியே விட்டுக் கதவைச் சாத்தினா, அடியில காலை நுழைச்சுப் பிராண்டிக்கிட்டே கத்தும்.

எனக்கு 6 மணிக்கு அடுப்படி, 8 மணிக்கு பஸ். நாள் முழுக்கக் கண்ணு எரியுது.

பூனையைக் குத்தம் சொல்ல மாட்டேன். அதுக்கு விடியலும் அந்தியும்தான் வேட்டை நேரம். நாங்க வேலைக்குப் போனதும் ஆளில்லாத வீட்டுல பகலெல்லாம் தூங்கித் தீர்த்துடுது. 2 வயசுதான், டாக்டரும் பார்த்துட்டார், நோய் நொடி இல்லை. (வயசான பூனை திடீர்னு ராத்திரியில கத்தினா மட்டும் சும்மா விடாதீங்க, தைராய்டு கோளாறாக்கூட இருக்கலாம்.)

என் கோபமெல்லாம் வீட்டுக்காரர் மேலதான். ராத்திரி 10 மணிக்குக் கயித்தை இழுத்துப் பூனையை ஓடவிட்டு விளையாடி, வயிறு நிறைய மீன்சோறு வெச்சுட்டுத்தான் படுக்குறேன். கத்தினாலும் எழுந்திருக்காம பல்லைக் கடிச்சுக்கிட்டு 5 நாள் கிடந்தேன். ஆறாவது நாள் “பாவம்டி, பசிக்குது போல”ன்னு எழுந்துபோய்ப் பால் ஊத்திட்டார்! வளர்ந்த பூனைங்க நிறையதுக்குப் பாலே செரிக்காது. விடாம கத்தினா கிடைக்கும்னு அது கத்துக்கிச்சு. இன்னிக்கு 3:40-க்கே வந்துடுச்சு.