ஆமாம், அரட்டையில் நான் தனியாகத்தான் இருக்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை நம் குடும்பக் குழுவில் என்னைக் கிண்டலடித்து வந்த அந்த மீமைச் செய்தது யார் என்று கேட்கப் போவதில்லை. 'அரட்டையில் தனியாக அரட்டை அடிக்கும் அண்ணாச்சி.' (தெரியாதவர்களுக்கு: அரட்டை, வாட்ஸப் மாதிரி ஜோஹோ நிறுவனத்தின் செயலி.) நன்றாகத்தான் இருந்தது. சிரித்து வைத்தவர்களில் பாதிப் பேருக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்தவன் நான். பரவாயில்லை.

2025 செப்டம்பர் கடைசியில் ஊரே அரட்டையை இறக்கியபோது நம் குடும்பக் குழுவில் என்னையும் சேர்த்து 43 பேரும் வந்தோம். தீபாவளிக்குள் 42 பேர் வாட்ஸப்புக்கே திரும்பிவிட்டீர்கள். அதிலும் கோபமில்லை. ஆனால் எது நல்ல செயலி என்று நான் ஒருநாளும் வாதாடவில்லை. சாவி யார் கையில் இருக்கிறது என்றுதான் கேட்டேன்.

நயாரா கதையை இங்கே பலமுறை எழுதியாகிவிட்டது, தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். குஜராத் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை. ரஷ்ய எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்டுக்கு அதில் ஏறக்குறைய பாதிப் பங்கு. 2025 ஜூலையில் அதன்மேல் தடை விதித்தது ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா அல்ல. ஆனாலும் மைக்ரோசாஃப்ட் இங்கே அவர்களுடைய மின்னஞ்சலை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய உரிமம்! டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் சேவை திரும்ப வந்தது.

"நாம என்ன எண்ணெய் ஆலையா வச்சிருக்கோம்?" என்று மச்சான் கேட்டார். இல்லைதான். நான் அச்சகம் வைத்திருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன் ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது டிசைன்களைச் சேமித்து வைத்திருந்த என் இணையக் கணக்கைப் பூட்டினார்கள் (எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை). சந்தா பாக்கி கிடையாது. 'விதிமீறல்' என்று ஒரு வரி. எந்த விதி, எப்போது மீறினேன்? பதில் சொல்ல அங்கே மனிதர்களே இல்லை. 11 வருஷ டிசைன் எல்லாம் உள்ளே. பத்திரிகையில் முருகன் கையிலிருந்த வேல் ஓர் ஆயுதம் என்று இயந்திரம் நினைத்திருக்கும் என்றான் தம்பி. இன்றுவரை அதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பெண்ணின் அப்பா கடை வாசலில் ஒன்றும் பேசாமல் நின்றார். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். ஒன்பது நாள் கழித்துக் கணக்கு தானாகத் திறந்தது. கல்யாணம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

சரி, கேள்விகளுக்கு வருவோம். அரட்டையில் அப்போது அழைப்புகளுக்கு இருந்த என்கிரிப்ஷன் (இடையில் வேறு யாரும் அறிய முடியாத பூட்டு) செய்திகளுக்கு இல்லை. ஒப்புக்கொள்கிறேன், அது பெரிய குறைதான். ஜோஹோ எனக்கு என்ன கொடுத்தது? ஒன்றுமில்லை. ஜோஹோவைத் தொடங்கிய, தென்காசியில் இருக்கும் ஸ்ரீதர் வேம்புவின் சாவியும் சாவிதான், நாளைக்கு அவரும் பூட்டலாம். முதலிலிருந்தே நான் சொன்னது அதைத்தானே! (சொன்னேனா, இப்போதுதான் தோன்றுகிறதா என்று மைனி கேட்பாள். சொன்னேன்.)

மியூனிக் நகராட்சி லினக்ஸுக்கு (எந்த ஒரு நிறுவனத்தின் கையிலும் இல்லாத இலவச இயங்குதளம்) போய் 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்ததை ஒருவர் மூன்று முறை ஒட்டியிருக்கிறார். அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 40,000-க்கு மேற்பட்ட அரசு மின்னஞ்சல் பெட்டிகளை மைக்ரோசாஃப்டிலிருந்து வெளியே எடுத்ததை ஏன் ஒருமுறைகூட ஒட்டவில்லை? அவ்வளவு தூரம் எதற்கு, பக்கத்துக் கேரளாவில் அரசுப் பள்ளிக்கூடக் கணினிகள் பல வருஷமாக லினக்ஸில்தான் ஓடுகின்றன.

"இதையும் முகநூலில்தானே எழுதுறீங்க?" ஆமாம் ஐயா, முகநூலில்தான். நீங்கள் 42 பேரும் இங்கே இருக்கிறீர்களே, வேறு எங்கே போய் எழுத? அரட்டையில் எழுதினால் நானே படித்து நானே கட்டைவிரல் காட்ட வேண்டும். ஒரு கம்பெனி மின்னஞ்சலிலிருந்து இன்னொரு கம்பெனி மின்னஞ்சலுக்குக் கடிதம் போகிறது. எந்த வங்கியிலிருந்தும் எந்த வங்கிக்கும் யுபிஐ-யில் பணம் போகிறது. நம் ஊரில் வாட்ஸப்பிலிருந்து அரட்டைக்குச் 'சாப்பிட்டாயா' என்று மட்டும் கேட்க முடியாது. யார் பூட்டி வைத்தது? அந்த மீமில் இதற்கும் ஓர் இடம் விட்டிருக்கலாம்.

அப்புறம், வைகாசி முகூர்த்தத்துக்குப் புரூஃப் எங்கே என்று நேற்றிலிருந்து சித்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள். அனுப்பிவிட்டேன் சித்தி. அரட்டையில் இருக்கிறது.