எங்கள் வாசல் உங்கள் பார்க்கிங் இல்லை

ஆடித் தள்ளுபடி தொடங்கினாலே சென்னை தி.நகரில் குடியிருக்கிற எனக்கு வயிற்றைக் கலக்கும். போன சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவுக்கு மூச்சுத்திணறல். வயது 82. கூப்பிட்ட ஆட்டோ தெருமுனையோடு நின்றுவிட்டது, டிரைவர் மேல் தப்பில்லை, உள்ளே வர வழியே இல்லை. எங்கள் காரை எடுக்கலாம் என்றால் கேட்டை ஒட்டி, கம்பியில் பம்பர் உரசுகிற மாதிரி ஒரு வெள்ளைக் கார். கண்ணாடியில் ஒரு போன் நம்பர்கூட இல்லை. 'இங்கே வண்டி நிறுத்தாதீர்கள்' என்று நாங்கள் மாட்டிய பலகை ஓட்டுபவர் முகத்துக்கு நேராகத்தான் தொங்குகிறது. கடைசியில் அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நானும் பக்கத்து வீட்டுப் பையனும் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு போனோம்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் நாங்கள் போன பிறகு நாலு துணிப்பைகளோடு வந்த அந்தக் கார்க்காரர் என் மனைவியிடம் சொன்ன வார்த்தையை என்னால் விழுங்க முடியவில்லை. "தி.நகர்ல வீட்டை வெச்சுக்கிட்டு இதுக்கெல்லாம் கத்தினா எப்படி மேடம்? இது கடைவீதி."

கடைவீதியா? இது மனிதர்கள் குடியிருப்பதற்காகவே வரைந்து உருவாக்கிய ஊர் ஐயா! நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை 1923 முதல் வற்றவைத்து, மனை பிரித்து, நடுவில் பூங்கா வைத்து, அதிலிருந்து சாலைகளைப் பிரித்துப் போட்டார்கள். நீதிக்கட்சி ஆட்சிக்காலம் அது. பிட்டி தியாகராயர் பெயரில் நகர், முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயரில் பூங்கா. உஸ்மான், நடேசன், டாக்டர் நாயர், தணிகாசலம் என்று தெருவுக்குத் தெரு அந்தக் காலத்து அரசியல்தான். பாண்டி பஜாரைப் பாண்டிச்சேரியோடு முடிச்சுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சுயமரியாதை இயக்கத்தின் செங்கல்பட்டு மாநாட்டுக்கு 1929இல் தலைமை வகித்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயர். காமராஜர் கடைசிவரை வாடகைக்கு இருந்து, 1975 அக்டோபர் 2 அன்று கண்மூடியதும் இங்கே திருமலைப் பிள்ளை சாலை வீட்டில்தான். இத்தனையும் நடந்த இடத்தைப் பட்டுப்புடவை, நகை, பாத்திரம் என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார்கள். வயிறு எரிகிறது.

கடைகள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. என் கல்யாண வேட்டியும் இங்கே எடுத்ததுதான். அந்தக் கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிற பிள்ளைகளின் குடும்பங்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் பிளானில் பார்க்கிங் என்று காட்டிய அடித்தளத்தைக் குடோனாக்கிவிட்டு, வாடிக்கையாளரை எங்கள் தெருவுக்குள் தள்ளிவிடுவது எந்த ஊர் நியாயம்? 2011 கடைசியில் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் விதிமீறிய கட்டடங்களுக்குச் சீல் வைத்தார்கள். அப்பாடா என்றிருந்தது. பொங்கல் வியாபாரத்தைக் காரணம் காட்டி ஜனவரியிலேயே திறந்தாயிற்று. தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் விட்டுவிட்டுப் பத்து நிமிடம் நடக்க இவர்களுக்குக் கால் வலிக்கிறது. பாண்டி பஜாரில் 2019இல் அகலமாக நடைபாதை போட்டார்கள், மனசார சந்தோஷப்பட்டேன். இன்று அதன் மேலேயே பைக் ஏறி வருகிறது.

அப்புறம் மழை. ஏரியில் கட்டிய ஊருக்குத் தண்ணீர் வெளியேறும் வழிதான் உயிர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் இன்னும் இருக்கிறது, ஏரிதான் இல்லை. 2021 நவம்பரில் மாம்பலம் கால்வாயில் தண்ணீர் போக வழியில்லாமல் தெருவெல்லாம் நின்றதே, அப்போது முழங்கால் தண்ணீரில் பால் வாங்கப் போனவர்கள் நாங்கள். 'கடைவீதி' என்றவர்கள் யாரும் அந்த வாரம் இந்தப் பக்கம் வரவில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "கிரவுண்டு எத்தனை கோடி போகுது, வித்துட்டு ஓ.எம்.ஆர். பக்கம் போயிடுங்க." கோடீஸ்வரனுக்கு என்ன குறை என்று நினைப்பு. தாத்தா கட்டிய வீடு இது. அதை விற்றால்தான் காசு, குடியிருந்தால் வரி மட்டும்தான். எங்கள் தெருவில் பதினான்கு தனி வீடுகள் இருந்தன, இப்போது ஐந்து. மீதியெல்லாம் பியூட்டி பார்லர், குடோன், டெய்லரிங் யூனிட். போனவர்கள் ஒவ்வொருவரும் இதே கேட், இதே காருக்காகச் சண்டை போட்டு அலுத்துத்தான் போனார்கள். அம்மா போக மாட்டார். கல்யாணமாகி இந்த வாசலில்தான் வந்து இறங்கினார், இந்தத் தெருவின் தூங்குமூஞ்சி மரம் ஒவ்வொன்றும் எந்தப் புயலில் சாய்ந்தது என்று அவருக்குத் தெரியும்.

போக்குவரத்து போலீசுக்குப் போன் செய்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்புகிறேன். என் போனில் பேரப்பிள்ளைகள் படத்தைவிட அடுத்தவர் கார் நம்பர் பிளேட்தான் அதிகம்.

நேற்று சாயங்காலம் காற்றாட வாசலில் நாற்காலி போடச் சொன்னார் அம்மா. போட இடமில்லை. கேட்டை மறித்து ஒரு சாம்பல் நிறக் கார். ஐந்து மணிக்கு வந்தது, எட்டே முக்காலுக்குத்தான் எடுத்தார்கள். அதற்குள் அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.